‘வெல்கம்’ என்ற சொல்லும் தமிழ் வாயிற்படியும்

நம் நாட்டில் நாள்தோறும் கண்ணிற்படும் ஆங்கிலச் சொற்களுள் ‘வெல்கம்’ என்பது ஒன்று. ஊர் எல்லையில் நிற்கும் வளைவிலும், கடையின் கண்ணாடிக் கதவிலும், வீட்டு வாயிலில் கிடக்கும் கால்மிதியிலும் அச்சொல்லைக் காண்கிறோம். அதனருகே மலாய்மொழியில் ‘செலாமாட் டத்தாங்’ என்றும், தமிழர் கூடும் இடமாயின் ‘நல்வரவு’ என்றும் எழுதியிருப்பர். மூன்றும் ஒரே பொருளைத் தருவன என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். பலகையில் எழுதும் அளவிற்கு அக்கருத்துப் பொருந்தும். ஆனால் பலகையை விட்டு வாய்ப்பேச்சிற்கும் பள்ளிக் கட்டுரைக்கும் வந்துவிட்டால், இம்மூன்று சொற்களும் மூன்று வேறு வழிகளில் நடப்பதைக் காணலாம்.

இதனை ஆராய்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. பெர்னாம் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில், தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தமிழைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அண்மைக் காலத்தில் அவர்கள் தமிழில் ‘வரவேற்கிறேன்’ என்னும் சொல் இருக்கக்கூடாத இடங்களிலெல்லாம் வந்து அமர்கிறது. பென்சில் கடன் கொடுத்த மாணவனுக்கு மற்றவன் ‘நன்றி’ கூறுகிறான்; அதற்கு இவன் ‘உன்னை வரவேற்கிறேன்’ என்று விடை எழுதுகிறான். யாரும் எங்கும் வரவில்லை; வராதவனை ஏற்பது எங்ஙனம்? இது பிள்ளையின் குற்றமன்று. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தால் தமிழிலும் அதற்கு ஒரே சொல் இருக்க வேண்டும் என்று பிள்ளைக்குக் கற்பித்தவர்களின் குற்றம். கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியும் சில வேளைகளில் இவ்வழியையே காட்டுகிறது.

‘வெல்கம்’ என்னும் ஒரு சொல் ஆங்கிலத்தில் பல வேலைகளைச் செய்கிறது. அவ்வேலைகள் ஒவ்வொன்றிற்கும் தமிழ் தனித்தனிச் சொல்லை வைத்திருக்கிறது. எல்லாவற்றின்மேலும் ‘வரவேற்பு’ என்னும் ஒரே போர்வையைப் போர்த்துவது தமிழை வளர்ப்பதாகாது. இருக்கும் செல்வத்தைப் பூட்டி வைப்பதாகவே முடியும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

சொல்லின் பிறப்பு

‘வெல்’ என்றால் நன்று, ‘கம்’ என்றால் வா. ஆகவே ‘வெல்கம்’ என்பது ‘நல்வரவு’ என்று நம்மில் பலர் பிரித்துப் பொருள் கூறுவர். ஆங்கிலேயரிலும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். ஆனால் சொல்லின் பழைய வடிவம் வேறு. பழைய ஆங்கிலத்தில் அது ‘வில்குமா’ என வழங்கியது. அதில் முதற்பகுதி ‘வெல்’ அன்று, ‘வில்’ ஆகும்; அதற்கு விருப்பம், உவப்பு என்பது பொருள். ‘குமா’ என்றால் வருபவர். ஆகவே முதலில் அச்சொல் வாழ்த்தாக இல்லை. ஒரு மனிதரைக் குறிக்கும் பெயராகவே இருந்தது. ‘எவருடைய வருகை நமக்கு உவப்பானதோ அவர்’ என்பதே அதன் பொருள். பிற்காலத்தில், ‘நன்கு வந்தீர்’ என்று பொருள்படும் பிரெஞ்சு, வடஐரோப்பியச் சொற்களின் சாயல் அதன்மேற் படிந்தது. ‘வில்’ என்பது ‘வெல்’ ஆயிற்று. ஜெர்மன் மொழியில் அவ்வுறவுச் சொல் இன்றும் ‘வில்’ என்றே தொடங்குகிறது.

பேராக்கில் நம்மோடு வாழும் பிற இனத்தார் இவ்விடத்தில் என்ன கூறுகின்றனர் என்பதையும் காண்போம். மலாய்க்காரரின் ‘செலாமாட் டத்தாங்’ என்பதில் ‘டத்தாங்’ வருதலைக் குறிக்கும். ‘செலாமாட்’ என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல், கேடின்றி இருத்தல் என்னும் பொருளை அடியாக உடையது. வழியில் இடரின்றி வந்து சேர்ந்தீர்களா என்னும் பரிவு அதற்குள் இருக்கிறது. சீனரின் ‘ஹுவான் யிங்’ என்பதில் முதற்சொல் மகிழ்ச்சியையும், அடுத்த சொல் எதிர்சென்று அழைத்தலையும் குறிக்கும். வடமொழியின் ‘சுவாகதம்’ என்பது ‘நன்கு வந்தது’ எனப் பிரியும். ஆங்கிலேயன் தன் உள்ளத்தின் விருப்பத்தைப் பேசுகிறான். மலாய்க்காரர் வந்தவரின் நலத்தைப் பேசுகிறார். சீனர் தாம் எழுந்து எதிர்செல்வதைப் பேசுகிறார். பலகையில் அருகருகே நிற்கும் சொற்களுக்குள்ளே இத்துணை வேறுபாடு உண்டு.

தமிழர் கூறுவது யாது?

தமிழருக்கு இவ்விடத்தில் உரிய முதற்சொல் பெயர்ச்சொல்லே அன்று, அது வினைச்சொல். வாயிலில் ஒருவர் தோன்றியவுடன் நாம் கூறுவது ‘வாங்க’ என்பதே. ‘நல்வரவு’ என்று வீட்டில் யாரும் யாரையும் நோக்கிக் கூறுவதில்லை. ‘உங்களை வரவேற்கிறேன்’ என்று அடுப்படியிலிருந்து வரும் தாய் கூறுவதில்லை. மேடையில் நிற்பவர்க்கு உரிய சொற்கள் அவை. வீட்டுக்குரியது ‘வாங்க’.

அச்சொல்லும் தனியே வருவதில்லை. ‘வாங்கண்ணே’, ‘வாங்க மாமா’, ‘வாங்கம்மா’, ‘வா தம்பி’, ‘வாங்க சம்பந்தி’ என்று உறவுமுறையோடு கூடியே வரும். வந்தவர் முன்பின் அறியாதவராயினும் அவர் வயதைப் பார்த்து அண்ணன் என்றோ, அக்கா என்றோ, தாத்தா என்றோ ஒரு முறையைக் கொடுத்துவிடுவது தமிழ் வழக்கு. தோட்டத்து லயங்களில் இவ்வழக்கு மிக அழுத்தமாகவே இருந்தது. ஊரும் சுற்றமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட, அடுத்த வீட்டாரே சுற்றமாக ஆனார்கள். ஆகவே ‘வாங்க’ என்பதற்குள் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, உள்ளே அழைத்தல். மற்றொன்று, வந்தவர்க்கு நம் குடும்பத்தில் ஓர் இடம் கொடுத்தல். ஆங்கிலச் சொல் முன்னதைச் செய்யும், பின்னதைச் செய்யாது.

எழுத்து வழக்கில் இதற்குரிய சொல் ‘வருக’. இது ஏவல் அன்று, வியங்கோள். ஏவல் முன்னிற்பாரைப் பணிப்பது. வியங்கோளோ வாழ்த்துதற்கும் வேண்டுதற்கும் உரியது. ‘வா’ என்பதில் அழைப்பு மட்டும் இருக்க, ‘வருக’ என்பதில் அழைப்போடு வாழ்த்தும் சேர்கிறது. அதனையே இருமுறை அடுக்கி ‘வருக வருக’ என்கிறோம். அடுக்கு உவகையின்கண் வரும் என்பது மாணவர் அறிந்த இலக்கணம். இலக்கணப் பாடத்தில் வியங்கோளையும் அடுக்குத்தொடரையும் நடத்தும் ஆசிரியர், பள்ளி வாயிலிலுள்ள வளைவைக் காட்டி நடத்தினால் அப்பாடம் மறக்காது.

‘வரவேற்பு’ என்பது வரவு, ஏற்பு என்னும் இரண்டும் கூடிய சொல். வந்ததை ஏற்றுக்கொள்வது அதன் பொருள். பழைய இலக்கியங்களில் இவ்விடத்திற்கு உரியதாக நாம் காண்பது எதிர்கொள்ளல் என்பதாகும். வந்தபின் ஏற்பது வேறு. வருபவரை நோக்கித் தாமே எழுந்து செல்வது வேறு. சிலப்பதிகாரத்தில், மதுரைப் புறஞ்சேரியில் மாதரி தந்த வீட்டில் கோவலனுக்கு உணவு படைத்த பின்னர், அவன் பிரிந்திருந்த நாளில் தான் இழந்தவற்றைக் கண்ணகி எடுத்துரைக்கிறாள். அவ்விழப்புகளுள் ஒன்று விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு. பொன்னை இழந்ததையோ பொருளை இழந்ததையோ அவள் அங்கே கூறவில்லை. விருந்தினர் முன் எழுந்து செல்லும் உரிமையை ஓர் இல்லத்தாள் பேறாகக் கருதினாள் என்பதை இளங்கோவடிகள் அக்கொடிய நாளின் வாயிலில் வைத்துக் காட்டுகிறார். சீனரின் சொல்லில் உள்ள எதிர்சென்று அழைக்கும் கருத்தும் நம் எதிர்கொள்ளலும் ஒத்திருப்பது நோக்கத்தக்கது.

வருபவரை எதிர்கொள்வது போலவே, செல்பவரை வழியனுப்புவதிலும் தமிழர் சொல் வேறுபட்டது. விடைபெறும் விருந்தினர் ‘போகிறேன்’ என்று கூறார். ‘போய் வருகிறேன்’ என்பார். வீட்டாரும் ‘போய் வாங்க’ என்பர். உள்ளே அழைத்தபோது வந்த அதே ‘வா’ என்னும் வினை, வெளியே அனுப்பும்போதும் வருகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னிடம் வந்த பொருநனுக்கு விடைகொடுக்கும்போது, அவன்பின் ஏழடி நடந்து சென்று வழியனுப்புவதாகக் காண்கிறோம். பேரரசன் ஒருவன் பாடி வாழ்பவன்பின் ஏழடி நடந்தான். வரவேற்பு என்பது வாயிற்படியில் தொடங்கி அங்கேயே முடிவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிழை நேரும் இடங்கள்

இனி, ஆங்கிலச் சொல் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நன்றிக்கு மறுமொழி. ஆங்கிலத்தில் இவ்வழக்கு எப்படிப் பிறந்தது என்பதற்கு ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ ஒரு குறிப்பைத் தருகிறது. 1604-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரண்மனையில் நடிக்கப்பெற்ற அந்நாடகத்தின் நான்காம் அங்கத்தில், வெனிசு நகரிலிருந்து தூதாக வந்த லொடவிக்கோ விடைபெறும்போது டெஸ்டிமோனாவுக்கு நன்றி கூறுகிறான். அவளோ அவன் வந்தது தங்களுக்கு மிக உவப்பானது என்னும் பொருள்பட ‘வெல்கம்’ என்னும் சொல்லால் விடை கூறுகிறாள். அவன் உண்மையிலேயே விருந்தினன். ஆகவே அங்கே அச்சொல் தன் முழுப்பொருளோடு நிற்கிறது. பின்னர் அவ்விடை விருந்தை விட்டு விலகி, எந்த நன்றிக்கும் கூறும் வாய்பாடாக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. வாய்பாடான பின் அதன் சொற்பொருளைத் தேடி மொழிபெயர்ப்பது வீண். ‘வரவேற்கிறேன்’ என்னும் விடை அவ்வாறு பிறந்த வீண் விடையே.

தமிழில் நன்றிக்கு மறுமொழி யாது? முதலில் ‘நன்றி’ என்னும் சொல்லையே நோக்க வேண்டும். திருக்குறளில் அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை உணர்ந்திருப்பதே ‘அறிதல்’. நன்மையின் பெயரே பிற்காலத்தில் நன்மையை உணர்ந்தமையைக் கூறும் சொல்லாக வழங்கலாயிற்று. வீட்டுக்குள் தாய்க்கு மகனும், அண்ணனுக்குத் தங்கையும் நன்றி கூறும் வழக்கம் நம் பேச்சில் மிகக் குறைவு. கூற நேர்ந்தால், கேட்டவர் ‘இருக்கட்டும்’ என்பார்; ‘அதனாலென்ன’ என்பார்; ‘இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி’ என்பார்; ‘பரவாயில்லை’ என்பார். ‘பரவா’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. கவலை என்பது அதன் பொருள். வந்த சொல்லாயினும் நம் நாவில் நன்கு பதிந்துவிட்டது. இவ்விடைகள் யாவும் செய்த உதவியின் பெருமையைக் குறைத்துக் காட்டும் பண்பில் ஒன்றுபடுகின்றன. மலாய்மொழியின் வழி வேறு. ‘தெரிமா காசே’ என்பது ‘ஏற்றல்’, ‘அன்பு’ என்னும் இரு சொற்களால் ஆனது. அதற்கு விடையாகிய ‘சாமா சாமா’ என்பது ‘நானும் அவ்வாறே’ என்று சமம் காட்டுவது. ஒவ்வொரு மொழியும் தன் விடையைத் தானே கண்டுகொண்டது.

நம் நாட்டைக் கதைக்களமாகக் கொண்டு 2016-இல் வெளிவந்த ‘கபாலி’ திரைப்படத்திற்குப் பின், இளைஞர் பலர் நன்றிக்கு விடையாக ‘மகிழ்ச்சி’ என்று கூறுவதைக் கேட்கிறோம். படத்தின் வேடிக்கையாகத் தொடங்கிய வழக்கு ஆயினும், இதனைத் தள்ள வேண்டுவதில்லை. உமக்கு உதவியதில் எனக்கு உவப்பே என்னும் பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. ‘வில்குமா’ என்பதன் முதற்பகுதியாகிய விருப்பத்தை அது தன்னையறியாமலே தொட்டு நிற்கிறது. ‘வரவேற்கிறேன்’ என்பதைவிட அது எத்துணையோ மேல்.

இரண்டாவது, இசைவு தருதல். ‘வேண்டுமாயின் நீங்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்’ என்னும் பொருளில் ஆங்கிலேயர் ‘வெல்கம்’ என்பர். இதற்குத் தமிழில் ‘தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பதே நேரான சொல். இதே வழக்கை ஆங்கிலேயர் எள்ளலாகவும் ஆள்வதுண்டு. யாருக்கும் வேண்டாத பொருளைக் காட்டி, அதை எடுப்பவரை வரவேற்பதாகக் கூறுவர். நாம் அவ்விடத்தில் ‘நீயே வைத்துக்கொள்’ என்போம். இரண்டிடத்தும் வரவும் இல்லை, ஏற்பும் இல்லை.

மூன்றாவது, பொது அறிவிப்பு. ‘அனைவரும் வரவேற்கப்படுகின்றனர்’ என்று சுவரொட்டிகளில் அச்சிடுகின்றனர். செயப்பாட்டு வினை தமிழில் இல்லாததன்று. ஆயினும் இங்கே அது வேண்டாத விருந்து. வரவேற்பவர் யார் என்பதை இத்தொடர் மறைத்துவிடுகிறது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்பது போன்ற உணர்ச்சியைத் தருகிறது. ‘அனைவரும் வருக’ என்றால் இரண்டே சொல்லில் வேலை முடியும். கோவில் திருவிழா அறிக்கையில் ‘வந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்றும், திருமண அழைப்பிதழில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்றும் எழுதுவது நம் மரபு. அழைப்பிதழில் அத்தொடரின் கீழே உற்றார் பெயர்கள் வரும். அழைப்பவர் இன்னார் என்று கையெழுத்திட்டது போல அது நிற்கும். ‘நல்வரவு’ என்னும் சொல்லுக்கு உண்மையான இருப்பிடம் இதுவே.

நான்காவது, அடைமொழி. ஆங்கிலேயர் நல்ல வரவேற்பிற்கு ‘வெதுவெதுப்பான’ என்னும் அடையைக் கொடுப்பர். பனிநாட்டில் குளிரில் வந்தவனுக்குச் சூடு இன்பம். நமக்கோ வெயில் நாடு. இன்பமெல்லாம் குளிர்ச்சியில் இருக்கிறது. மனம் குளிர்கிறது, கண் குளிர்கிறது, வயிறு குளிர்கிறது. தமிழில் ‘சூடான வரவேற்பு’ என்று எழுதினால், வந்தவர்க்கு நல்ல வசைமாரி கிடைத்தது என்றே படிப்பவர் கருதுவர். ‘அன்பான வரவேற்பு’, ‘உளங்குளிர வரவேற்றனர்’, ‘முகமலர்ந்து வரவேற்றனர்’ என்று எழுதத் தமிழ் இடந்தருகிறது. முகமலர்ச்சி பற்றி வள்ளுவர் கூறியிருப்பதை நாம் அறிவோம். மோந்தால் வாடும் அனிச்ச மலரைக் காட்டி, நம் முகம் சற்றே மாறினாலும் விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்றார். வெப்பத்தையும் தட்பத்தையும் அவர் அளக்கவில்லை, முகத்தையே அளந்தார்.

ஐந்தாவது, மிகுதியாகத் தங்குதல். நெடுநாள் தங்கிய விருந்தினன் தன் ‘வெல்கம்’ தேயும்வரை இருந்துவிட்டான் என்பர் ஆங்கிலேயர். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்னும் நம் பழமொழி அதற்கு முன்னே நாணிக் குறுகாது; ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய இன்றியமையாமை எதுவும் இல்லை.

ஏற்கத் தக்கது

இவ்வளவும் கூறியதனால், ‘வரவேற்பு’ எங்கும் வரலாகாது என்பது என் கருத்தன்று. ‘சங்கத்தின் தீர்மானத்தை வரவேற்கிறோம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ‘நூலுக்கு மக்களிடையே நல்ல வரவேற்பு’ என்பதும் வழக்காகிவிட்டது. இவையும் ஆங்கிலச் சொல்லின் நிழலில் வளர்ந்த பொருள்களே. ஆனால் தீர்மானமும் நூலும் புதிதாக நம் முன் வந்தவை. அவற்றை ஏற்கிறோம் என்று கூறுவதில் சொற்பொருள் சிதையவில்லை. ‘வரவேற்புரை’, ‘வரவேற்புக் குழு’, ‘வரவேற்பறை’ என்பனவும் அவ்வாறே வேரூன்றின. மணமக்களை அமரவைத்து மாலையில் நடத்தும் நிகழ்ச்சியை ‘வரவேற்பு’ என்கிறோம். அது புதிய வழக்கத்திற்கு இட்ட புதிய பெயர்.

ஆகவே அளவுகோல் ஒன்றே. புதிய பயன்பாட்டில் வரவு என்னும் பொருளும் ஏற்பு என்னும் பொருளும் நிற்கின்றனவா? அவ்விடத்திற்குத் தமிழில் ஏற்கெனவே உரிய சொல் இல்லையா? இரண்டு வினாவிற்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால் அப்பயன்பாட்டை ஏற்கலாம். தீர்மானத்தை வரவேற்பது இத்தேர்வில் தேறும். நன்றிக்கு ‘வரவேற்கிறேன்’ என்பது தேறாது. பிறமொழித் தொடர்பால் வந்தது என்பதற்காக ஒன்றை விலக்குவதும் தவறு. பிறமொழியில் இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் சேர்ப்பதும் தவறு.

ஆங்கிலச் சொல்லின் ஒரு சிறப்பு

நடுநிலையோடு நோக்கின், ஆங்கிலச் சொல்லுக்குள்ள ஒரு சிறப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது யாவர்க்கும் ஒன்றாகவே நிற்கிறது. செல்வர்க்கும் ஏழைக்கும், முதியவர்க்கும் சிறுவர்க்கும் அச்சொல் வடிவு மாறுவதில்லை. நம் சொல்லோ ‘வா’, ‘வாங்க’ என்று படிபடியாக நிற்கிறது. அப்படிகள் வயதைப் பார்த்து அமைந்தால் அழகு. ஆனால் அவை எப்போதும் வயதை மட்டும் பார்த்து அமையவில்லை என்பதைத் தோட்ட வரலாறு அறிந்தவர் அறிவர். விடியற்காலைப் பெரட்டில் தலைநரைத்த தொழிலாளரை, பேரன் வயதுடையவரும் ‘வா, போ’ என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. பதவி ஒரு காரணம். சாதி மற்றொரு காரணம். ஓர் ‘ங்க’ கிடைக்காமலே வாழ்ந்து முடிந்த பெரியவர்கள் நம் லயங்களில் பலர்.

இன்றைய இளைஞர் பலர் ‘வாங்க’ என்னாமல் ‘வெல்கம்’ என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உறவுமுறை தேட வேண்டியதில்லை. உயர்வு தாழ்வு கணிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தீர்வு நம் சொல்லைக் கைவிடுவது அன்று. வாயிற்படியில் நிற்கும் யாவர்க்கும் ‘வாங்க’ என்பதைக் கொடுத்துவிடுவதே தீர்வு. கொடுத்தால் குறையாத பொருள் அது. அப்போது ஆங்கிலச் சொல்லின் பொதுமையும், தமிழ்ச் சொல்லின் உறவும் ஒருங்கே நமக்குக் கிடைக்கும்.

விருந்து யார்?

இவ்விடத்தில் ‘விருந்து’ என்னும் சொல்லை நோக்க வேண்டும். இன்று விருந்து என்றவுடன் இலையும் சோறும் வடை பாயசமுமே நினைவிற்கு வருகின்றன. பழைய பொருள் அதுவன்று. விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்தில் விருந்தினையும் ஒன்றாக வைத்தார். புதுவதாகப் புனையும் யாப்பின் மேலது அது. அப்பொருளே மனிதர்மேல் ஏறியபோது, புதிதாக வந்தவர் விருந்து ஆனார். அவர்க்குப் படைத்த உணவும் பின்னர் அப்பெயர் பெற்றது. ஆள் மறைந்து உணவு நின்றது இறுதி நிலை. வள்ளுவர் சுற்றந்தழாலை வேறு அதிகாரமாகவும் விருந்தோம்பலை வேறு அதிகாரமாகவும் வகுத்தார். உறவினரைத் தழுவுவது ஒன்று. அறியாதவரை ஓம்புவது மற்றொன்று. நாம் இன்று உறவினருக்குச் சோறிட்டுவிட்டு, விருந்தோம்பினோம் என்று மகிழ்கிறோம்.

அயலாரைக் குறித்த சொல் பிற மொழிகளில் எவ்வாறு திரிந்தது என்பதையும் ஒப்பிடலாம். விருந்தினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘கெஸ்ட்’ என்பதும், இலத்தீன் மொழியின் ‘ஹோஸ்டிஸ்’ என்பதும் ஒரே வேரிற் பிறந்தவை. இலத்தீனில் அச்சொல் முதலில் அயலாரைக் குறித்தது. பின்னர்ப் பகைவரைக் குறிக்கலாயிற்று. புதியவர் விருந்தினராகவும் ஆகலாம், பகைவராகவும் ஆகலாம். எது ஆவார் என்பதை வாயிலில் நிற்கும் வீட்டுக்காரனே முடிவு செய்கிறான். தமிழ், புதியவரை விருந்து என்றே வைத்துக்கொண்டது.

மறைந்துவிட்டதாக எண்ணிய அப்பழம் பொருள் நம் மலேசிய நாட்டில் வேறு வழியாக மீண்டு வந்திருப்பது வியப்பிற்குரியது. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய நாள்களில் பிற இனத்தாருக்கும் கதவைத் திறந்து வைக்கும் வழக்கத்தைத் ‘திறந்த இல்ல விருந்துபசரிப்பு’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ‘ரூமா தெர்புக்கா’ என்னும் மலாய்த் தொடரின் மொழிபெயர்ப்பே அதன் முற்பகுதி. ஆனால் பிற்பகுதியில் ‘விருந்து’ என்னும் சொல் தன் உண்மைப் பொருளில் நிற்பதைக் காணலாம். நம் சமயத்தவர் அல்லாதவர், நம் மொழி அறியாதவர், நம் வாயிலில் வந்து நிற்கிறார், அவரே விருந்து. அந்நாளில் வாயிலில் இட்ட அரிசிக் கோலம், எழுத்தறியாதவர்க்கும் எம்மொழியினர்க்கும் ‘வருக’ என்பதைக் கூறிவிடுகிறது. கால்மிதியில் எழுதிய ஆங்கிலச் சொல்லை மிதித்துக் கால் துடைக்கும் வழக்கத்தோடு இதனை வைத்து எண்ணிப் பாருங்கள். எழுத்தின்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். ‘நல்வரவு’ என்று கால்மிதியில் நெய்து விற்பவர் இதனைச் சற்று எண்ணுதல் நன்று.

பண்டிகை நாளில் நினைவிற்கு வரும் இப்பொருள் மற்ற நாள்களிலும் நினைவிற்கு வர வேண்டும். எங்கள் வட்டாரத்தின் செம்பனைத் தோட்டங்களில் இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் உழைக்கின்றனர். நம் பாட்டனார் இருந்த லயங்களில் இன்று இருப்பவர்கள் அவர்கள். அவர்களைக் கூப்பிட நம்மவர் சிலர் ஆளும் சொல், முன்பு பெரட்டில் நம் பெரியவர்களைக் கூப்பிட்ட அதே சொல்லாக இருக்கிறது. புதியவரே விருந்து என்று அகராதிப் பொருள் கூறும் ஆசிரியர், வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே குலை வெட்டிச் செல்லும் புதியவரைக் காட்டி அப்பொருளைக் கூறலாம்.

தமிழாசிரியர்க்கு

ஆங்கிலச் சொல்லை எழுதி அதன் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதச் செய்யும் பயிற்சி இச்சொல்லைப் பொறுத்தவரை பயன்படாது. சூழலைக் கொடுத்துச் சொல்லைக் கேட்க வேண்டும். பாட்டி வாயிலில் நிற்கிறார், என்ன கூறுவாய்? வழிகேட்டு ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார், என்ன கூறுவாய்? நண்பன் நன்றி கூறினான், விடை யாது? பள்ளி விழாவிற்கு அறிவிப்பு எழுது. விருந்தினர் புறப்படுகிறார்; என்ன கூறி அனுப்புவாய்? இவ்வைந்து வினாவிற்கும் ஆங்கிலம் கற்ற பிள்ளை ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வரும். தமிழ் கற்ற பிள்ளையோ ‘வாங்க பாட்டி’, ‘வாங்க ஐயா, உட்காருங்க’, ‘இருக்கட்டும்’, ‘அனைவரும் வருக’, ‘போய் வாங்க’ என்று ஐந்து விடைகளைத் தரும். அவ்வைந்தும் அப்பிள்ளையின் வீட்டிலேயே கிடப்பவை. நாம் புதிதாகக் கொடுக்க வேண்டுவதில்லை. வீட்டுத் தமிழ் பள்ளிக்கூடத்திற்குள் வரும்போது, அதனை எழுந்து எதிர்கொள்ளும் கடமை மட்டுமே நமக்கு உண்டு.